ஆண்மைக் குறைவு

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருடம் மேலாளர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டு, மூன்று மாதச் சம்பளத்தைக் கணக்கில் போட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 51. ஆறு வருடமாகச் சர்க்கரை வேறு.

"நான்லாம் ஒரு ஆம்பிளையா?" என்றார்.

நான் குழாயை மூடவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. போய்ப் படுங்க" என்றேன். அவர் போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். திருமணமாகி இருபத்து நான்கு வருடத்தில், அவருடைய அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது. மணி பத்தரை, காலையில் எனக்கு முதல் வகுப்பு, பெண்ணுக்குத் தேர்வு. எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குச் சில நாட்கள் ஆயின. அது இளக்காரம். கல்லூரியில் பாலினச் சமத்துவம் பற்றிப் பாடம் எடுப்பவள் நான். ஆண்களை அழ விடாத சமூகம் அவர்களையும் பாதியாக்குகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். என் வீட்டில் ஒரு ஆண் அழுதபோது என் மனசு சொன்னது, "சீ, என்ன இது பொம்பளை மாதிரி."

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "பேரு மட்டும் போடாத" என்றார்.

பெல் ஹூக்ஸ், 2004இல் வெளிவந்த ‘தி வில் டு சேஞ்ச்’ என்ற நூலில் இதுபோன்ற ஒரு அனுபவத்தை ஒப்புக்கொள்கிறார். மனதில் உள்ளதைப் பேசு, பேசு என்று தன் துணையை வற்புறுத்திவிட்டு, அவர் பேசத் தொடங்கியதும் அதைத் தாங்க முடியாமல் போனதாக எழுதுகிறார். ஆணாதிக்கம் ஆண்களின் தலைக்குள் மட்டும் குடியிருக்கிறது என்று நினைப்பவர்கள் அந்த நூலைப் படிக்க வேண்டும். நானும் பல வருடம் முன்பே படித்திருந்தேன். படித்தது என்னவோ குழாயடியில் கைகொடுக்கவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் எதை இழந்துவிட்டதாக நினைத்தார்?

ஆண்மை என்ற சொல்லுக்குள் ‘ஆள்’ என்கிற வேர் கிடப்பதாகச் சொல்வார்கள். ஆளும் தன்மை, வீரம், முயற்சி என்றெல்லாம் பழைய இலக்கியத்தில் பொருள் விரிந்திருக்கிறது. அடுத்தவன் மனைவியை விரும்பாமல் இருப்பதைத்தான் வள்ளுவர் பேராண்மை என்றார். இன்று அந்தச் சொல்லை நாம் அதிகம் பார்ப்பது பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில். ஆண்மைக் குறைவா? இன்ன லாட்ஜில், இன்ன தேதியில், வைத்தியர் வருகிறார். ஒரு மனிதனின் முழுத்தன்மையையும் ஒரு உறுப்பின் இரத்த ஓட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டது நம் மொழி. சர்க்கரை நோய் நரம்பையும் இரத்தக் குழாயையும் பாதிக்கும், அதனால் விறைப்பும் குறையலாம் என்பது எந்த மருத்துவரும் சொல்லக்கூடிய சாதாரண விஷயம். கண் மங்கினால் கண் மங்கிவிட்டது என்கிறோம். இது குறைந்தால் மட்டும் ஆண்மையே குறைந்துவிடுகிறது.

அதே சுவரில் ‘பெண்மைக் குறைவு’ என்று யாரும் எழுதுவதில்லை என்பதையும் கவனியுங்கள். நமக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: மலடி. குறைவு என்றால் லேகியம் சாப்பிட்டு நிரப்பிக்கொள்ளலாம். மலடி என்றால் ஆளே அதுதான்.

என் கணவருக்கு வேலை, சம்பளம், படுக்கை மூன்றும் ஒரே வருடத்தில் ஆட்டம் கண்டன. மூன்றும் சேர்ந்ததுதான் தான் என்று அவர் நினைத்திருந்தார். அப்படி நினைக்கும்படி வளர்க்கப்பட்டார். ஆக, அந்த இரவு அவர் ஆண்மையைக் கேள்வி கேட்கவில்லை, ஆண்மை தன்னைக் கைவிட்டதாக ஒப்பாரி வைத்தார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்கே தெளிவாக இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கண்ணீர்தான்.

இந்த வயதின் தடுமாற்றத்துக்கு ‘மிட்லைஃப் கிரைசிஸ்’ என்று பெயர் வைத்தவர் கனடாவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ். 1965இல் வெளியான ஒரு கட்டுரையில், மரணம் தன்னைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்று உணரும் வயதாக அதை விளக்கினார். அவருடைய உதாரணங்கள் பெரும்பாலும் ஓவியர்கள், இசையமைப்பாளர்கள், எழுத்தாளர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். அந்தச் சொல்லை மக்களிடம் கொண்டுபோனவர் ஒரு பெண் பத்திரிகையாளர், கெய்ல் ஷீஹி. 1976இல் வந்த ‘பேசேஜஸ்’ என்ற அவருடைய புத்தகத்தில் நடுவயது நெருக்கடி இருபாலருக்கும் உரியது. பிள்ளைகளை வளர்த்து முடித்த பெண் வேலைக்கும் படிப்புக்கும் வெளியே கிளம்புகிற வயது அது. இரண்டே வருடத்தில், 1978இல், டேனியல் லெவின்சன் என்ற உளவியலாளர் 40 ஆண்களைப் பேட்டி கண்டு ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகு அந்தச் சொல் ஆண்களின் சொத்தாகிவிட்டது. சிவப்புக் கார், இளம் காதலி, வேலையை உதறுதல் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தன. இந்தக் கதையை வரலாற்றாய்வாளர் சுசான் ஷ்மிட் 2020இல் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் இது எப்படி இருக்கிறது? நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவனுக்கு இடம் விடுவோம். அதே வயதில் அவள் எரிந்து விழுந்தால் "அவளுக்கு அது நிக்கிற நேரம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். அவனுடையது தத்துவம், அவளுடையது கர்ப்பப்பை. எனக்கு 47 வயதில் தூக்கம் போய், உடம்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், இதுவரை வாழ்ந்தது எதற்கு என்ற கேள்வி எனக்கும் வந்தது. அதை நான் யார் வாசலிலும் கொண்டுபோய் நிறுத்தவில்லை. நிறுத்த வாசல் இருந்ததாக எனக்குத் தோன்றவே இல்லை.

நடுவயதில் தன்னை உலுக்கிக் கேள்வி கேட்ட ஆண்களில் உலகறிந்தவர் லெவ் டால்ஸ்டாய். ஐம்பது வயது. ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரேனினா’ இரண்டையும் எழுதி முடித்தாயிற்று. நிலம், புகழ், குடும்பம் எல்லாம் இருந்தன. அப்போது, இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி அவரைப் பிடித்தது. தூக்குப் போட்டுக்கொள்வோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்து வைத்ததையும், துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதை நிறுத்தியதையும் அவரே ‘வாக்குமூலம்’ நூலில் எழுதியிருக்கிறார். பிறகு மாறினார். இறைச்சி, மது, புகையிலை எல்லாவற்றையும் விட்டார். ஏர் ஓட்டினார். செருப்புத் தைக்கக் கற்றார். சொத்து பாவம் என்றார், கடைசியில் உடலுறவும் பாவம் என்றார். உலகமெங்கும் இளைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தி 1910இல் தொடங்கிய பண்ணைக்கு அவருடைய பெயர்தான். அங்கே வாழ்ந்த போராளிக் குடும்பங்களில் கணிசமானவை தமிழ்க் குடும்பங்கள்.

இந்த மாற்றத்தைச் சோஃபியாவின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். 1862இல் திருமணம். அவளுக்கு 18 வயது, அவருக்கு 34. திருமணத்துக்கு முன்பு தன் நாட்குறிப்புகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதில் அவர் போய்வந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள், ஒரு பண்ணைப் பெண்ணின் மீதிருந்த மோகமும் இருந்தது. நேர்மை என்று அவர் நினைத்தார். படித்தவள் அந்தச் சுமையை ஆயுள் முழுக்கச் சுமந்தாள். 13 குழந்தைகள் பிறந்தன, அவர்களில் எட்டுப் பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தவள் அவள்தான். சொத்து பாவம் என்று அவர் முடிவுசெய்தபோது சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தை 1883இல் அவள் கையில் எழுதிக் கொடுத்தார். பாவம் கைமாறியது, அவ்வளவுதான். வாடகை, வரி, பிள்ளைகளின் படிப்பு, அவருடைய நூல்களின் பதிப்பு எல்லாம் அவள் தலையில். வருகிறவர்களின் கண்ணுக்கு அவர் துறவி, அவள் பணத்தாசை பிடித்தவள்.

1884ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் டால்ஸ்டாய் சண்டை போட்டுக்கொண்டு தோளில் பையை மாட்டி வீட்டைவிட்டுக் கிளம்பினார். அவளுக்கு நிறைமாதம். பாதி வழியில் மனம் கேட்காமல் திரும்பி வந்தார். மறுநாள் விடியலில் பெண் குழந்தை பிறந்தது. 1888இல் கடைசிப் பிள்ளை. அடுத்த வருடம் ‘க்ராய்ட்சர் சொனாட்டா’வை முடித்தார். திருமணத்துக்குள்ளேயும் உடலுறவு கூடாது என்று சொல்கிற, மனைவியைக் கொன்ற ஒருவன் பேசுகிற கதை அது. தணிக்கை அதிகாரிகள் தடுத்தார்கள். 1891இல் சோஃபியா தலைநகருக்குப் போய் ஜார் மன்னரை நேரில் பார்த்து, தொகுப்பில் அதை அச்சிட அனுமதி வாங்கி வந்தாள். அந்தக் கதை ஊரறியத் தன்னை அவமானப்படுத்துகிறது என்று நாட்குறிப்பில் எழுதியவளும் அவளே. பதிலாக அவள் ஒரு குறுநாவல் எழுதினாள். ‘யார் குற்றம்?’ என்று அதற்குத் தலைப்பு. அவள் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. ருஷ்ய மொழியில் அது வெளிவரவே 1994 ஆகிவிட்டது.

டால்ஸ்டாய் போலி என்று நான் சொல்ல வரவில்லை. தன் வர்க்கத்து ஆண்களின் காமம், சூதாட்டம், போர் வெறி எல்லாவற்றையும் அவர் உண்மையாகவே அருவருத்தார். அந்தத் தைரியம் வேறு யாருக்கு இருந்தது? ஆனால் அந்த விசாரணையில் நீதிபதி, குற்றவாளி, சாட்சி மூவருமே அவர்தான். பாதிக்கப்பட்டவளை யாரும் கூப்பிடவில்லை. அவர் காமத்தை அனுபவித்தபோதும் அவள் உடம்பு அவருடைய முடிவுக்குக் கட்டுப்பட்டது, காமத்தைத் துறந்தபோதும் அப்படியே. காந்தியும் 1906இல் பிரம்மச்சரிய விரதம் எடுப்பதற்கு முன் தன் சகாக்களோடு விவாதித்ததாகச் சொல்கிறார். கஸ்தூர்பாவிடம் விரதம் எடுக்கும் நேரத்தில்தான் கேட்டதாகவும், அவர் மறுப்புச் சொல்லவில்லை என்றும் தன்வரலாற்றில் எழுதுகிறார். கஸ்தூர்பாவுக்கு அப்போது 37 வயது இருக்கும். மறுப்பில்லை என்ற அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்று கேட்டவர் இல்லை.

நம் ஊரிலும் ஐம்பதை ஒட்டிய வயதில் ஆண்மையைப் பற்றி எழுதிய ஒருவர் உண்டு. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் கடைசிக் கட்டுரைக்குப் பெரியார் வைத்த தலைப்பே ‘ஆண்மை அழிய வேண்டும்’ என்பது. 1920களின் இறுதியில் எழுதியது. ஆண்மை என்ற சொல்லே பெண்ணை இழிவுபடுத்தும்படி உலக வழக்கில் இருக்கிறது, அது உள்ளவரை பெண்ணுக்கு விடுதலை இல்லை என்பது அவர் வாதம். பெண் விடுதலைக்காக ஆண்கள் பாடுபடுவதாகச் சொல்வதையே அவர் நம்பவில்லை. பூனையால் எலிக்கு விடுதலை கிடைக்குமா என்று கேட்டார். தானும் ஓர் ஆண் என்பதை மறந்துவிட்டு அதைக் கேட்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். டால்ஸ்டாயின் கவலை, தன் ஆன்மா எப்படிக் கரையேறும் என்பது. அந்தக் கட்டுரையில் பெரியாரின் ஆன்மா எங்கும் வருவதில்லை. (அவர் ஆன்மாவை நம்பாதவர் என்பது வேறு விஷயம்.)

மாணவிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "மேம், அவங்க மாறணும்னா நாம உதவ வேணாமா?" வீட்டில் அப்பாவை, அண்ணனை, காதலனைப் பார்த்துவிட்டு வருகிற கேள்வி அது. நான் முன்பெல்லாம் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன், அது நம் வேலை இல்லை என்று. இப்போது அவ்வளவு வேகமாகச் சொல்ல முடியவில்லை. உடைந்து நிற்கும் மனிதனைப் பார்த்து முகம் திருப்புவது எந்தக் கோட்பாட்டின்படியும் சரியாகாது. அதே நேரம், ஆண் தன்னைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பெண் அவனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதும் பழைய ஏற்பாடுதான். அவன் வெளியே தோற்று வந்தபோது ஒத்தடம் கொடுத்தவள், இப்போது அவன் உள்ளே தோற்கும்போதும் கொடுக்க வேண்டும். அவள் எப்போது உட்காருவது?

நான் கண்டுகொண்ட ஒரு அளவுகோல் உண்டு. அது எப்போதும் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று பார்க்கிறேன். "நான் இன்னும் ஆம்பிளைதானா?" என்பது கண்ணாடியைப் பார்த்துக் கேட்பது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் பெண் ‘ஆமாங்க, நீங்கதான் சிங்கம்’ என்று சொல்ல வேண்டியவள். சொன்னால் நெருக்கடி தீரும், பழையபடி அவர் நாற்காலியில் அவர், அடுப்பங்கரையில் அவள். "நான் ஆம்பிளையா இருந்ததுல உனக்கு என்ன ஆச்சு?" என்பது வேறு கேள்வி. அதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். பதில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாது.

முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது பிறக்காது என்று சில மாதங்கள் நினைத்திருந்தேன். இழந்தவன் இழந்ததைத்தான் தேடுவான், இன்னொரு வேலை கிடைத்ததும் நிமிர்ந்துவிடுவான் என்று. அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கினார். முதலில் டிவி. பிறகு ஒரு நாள் குக்கர் எத்தனை விசில் என்று கேட்டார். நான் இதைக் கொண்டாடத் தயாராக இல்லை. நான் வேலைக்கும் போய் இருபத்து நான்கு வருடம் விசில் எண்ணியிருக்கிறேன், யாரும் அதை மாற்றம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு வீட்டின் வேலை கண்ணில் படுவதற்கே ஒருவர் அதற்குள் பகல் முழுக்க இருக்க வேண்டியிருக்கிறது. அலமாரியில் எது எங்கே என்று தேடியவருக்கு ஒரு நாள் என் பழைய மருத்துவக் கோப்பு கிடைத்தது. இரண்டாவது பிரசவமும், அதோடு செய்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் அதில் இருந்தன.

இந்த ஆபரேஷன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாட்டில் ஒரு காலத்தில் ஆண்கள்தான் அதிகம் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் செய்தார்கள், பலருக்குக் கட்டாயமாக. அந்தக் கொடுமையின் கோபம் நியாயமானது. ஆனால் அதற்குப் பிறகு அரசு ஆண்களைத் தொடவே பயந்து, முழுச் சுமையையும் பெண்கள் வயிற்றுக்கு மாற்றிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவீதம். ஆண்களுக்கானது மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிகிற காரியம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அதனால் ஹார்மோனும் குறையாது, விறைப்பும் குறையாது. எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். "ஆம்பிளைக்கு செஞ்சா ஆண்மை போயிடும், வெயிட் தூக்க முடியாது" என்று மாமியார் சொன்னார். வெயிட் தூக்கியது யார் என்று அப்போது நான் கேட்கவில்லை. என் அம்மாவும் மாமியார் பக்கம்தான் பேசினார். நானேகூட, அவருக்கு எதற்கு வலி என்றுதான் நினைத்தேன். ஆண்மையை அன்றைக்குக் காப்பாற்றியது மூன்று பெண்கள்.

அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு அவர் மறுபடி சமையலறை வாசலுக்கு வந்தார். இந்த முறை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"உனக்கு ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

இருபது வருடம் கழித்து. கோபப்படுவதா, கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவதா என்று தெரியவில்லை. குழாயை மூடினேன். தையல் பிரித்த அன்றைக்கு அவர் ஊரில் இல்லை என்று சொன்னேன். இருமினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டதை, பெரியவளைத் தூக்க முடியாமல் அவள் அழுததை, ஒரு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியதை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மறந்துபோனவை எல்லாம் வந்தன. அவர் குறுக்கே பேசவில்லை, அழவும் இல்லை.

"அன்னைக்கு நான் எங்க போயிருந்தேன்?"

"புனே. மீட்டிங்."

"என்ன மீட்டிங்?"

எனக்கு ஞாபகமில்லை. அவருக்கும் இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் அதையே யோசித்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் குக்கரை அடுப்பில் வைத்தேன். கோப்பை மடித்து வைக்காமல் மேசை மேலேயே விட்டுவிட்டு, "மூணு விசில்தானே?" என்று கேட்டார்.